குழந்தையை பக்கத்துல போட்டுத் தூங்கலாமா? ஒரே பாய், ஒரே கட்டில்... எது பாதுகாப்பு, எது ஆபத்து? முழு விளக்கம்

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பிறந்த குழந்தைக்குத் தனி ரூம் என்பதெல்லாம் சினிமாவில் பார்ப்பதுதான். டேனரி, ஷூ கம்பெனி சம்பளத்தில் ஓடும் பல வீடுகளில் இருப்பதே ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு. ராத்திரி ஆனால் பாய் விரியும். அம்மா, பக்கத்தில் கைக்குழந்தை, அந்தப் பக்கம் மூத்த பிள்ளை, அப்பா, ஓரமாகப் பாட்டி. அழுதால் அம்மா கை நீட்டுவார், பால் கொடுப்பார், இரண்டு பேரும் அப்படியே தூங்கிப் போவார்கள்.

இதைத்தான் அமெரிக்க டாக்டர்கள் "வேண்டாம்" என்கிறார்கள். குழந்தையோடு ஒரே படுக்கையில் தூங்கினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லும் வீடியோக்கள் செல்போனுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. "நாங்க பெத்த பிள்ளைங்க எல்லாம் அப்படித்தானே வளர்ந்துச்சு" என்கிறார் பாட்டி. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது புதுசாகக் குழந்தை பெற்ற அம்மாதான்.

யார் சொல்வது சரி? இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் சொல்லாமல் விடும் விஷயங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமா சொன்னா...

* குழந்தை அம்மா இருக்கும் அதே அறையில் தூங்குவது நல்லது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.
* ஒரே படுக்கையா, தனிப் படுக்கையா என்பதில்தான் கருத்து வேறுபாடு.
* குடி, புகை, தூக்கம் வரவைக்கும் மருந்து, குறைப்பிரசவம், சோஃபா... இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் சேர்ந்து படுக்கக் கூடாது. இதிலும் கருத்து வேறுபாடு இல்லை.

நார்வேல நடந்தது என்ன?

இந்தியாவில் இந்தப் பேச்சு சூடுபிடித்தது ஒரு வழக்கால்தான். நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் வசித்த ஒரு வங்காளித் தம்பதியின் இரண்டு குழந்தைகளையும் 2011-ல் அந்நாட்டுக் குழந்தைகள் நலத்துறை எடுத்துச் சென்றது. கையால் ஊட்டிவிட்டது, மகனைப் பெற்றோர் படுக்கையிலேயே தூங்க வைத்தது போன்றவற்றையும் குறையாகச் சொன்னார்கள் என்பது குடும்பத்தின் புகார். கலாசார வித்தியாசம் காரணம் அல்ல என்றது நார்வே தரப்பு. இந்திய அரசு தலையிட்ட பிறகு, 2012-ல் குழந்தைகள் இந்தியா வந்தார்கள். 2013-ல் கொல்கத்தா உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு தாய் சாகரிகாவிடம் சேர்ந்தார்கள். ராணி முகர்ஜி நடித்து 2023-ல் வெளியான 'மிஸஸ் சட்டர்ஜி வெர்சஸ் நார்வே' படம் இந்தக் கதைதான்.

இந்த வழக்கை வைத்து "வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம பழக்கம் புரியாது" என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே படுக்கை பற்றிப் பேசப்பட்டது நடந்து ஓடும் வயதில் இருந்த மூத்த மகனைப் பற்றி. மூன்று வயதுப் பிள்ளை அப்பா அம்மாவோடு தூங்குவது பழக்கம், வளர்ப்பு சம்பந்தப்பட்ட விஷயம். டாக்டர்கள் எச்சரிப்பது ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் பற்றி, அதிலும் குறிப்பாக முதல் 6 மாதங்களைப் பற்றி. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

முதல் 6 மாசம் ஏன் முக்கியம்?

நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோகும். பிரேதப் பரிசோதனையிலும் காரணம் தெரியாது. இதற்கு 'திடீர் சிசு மரணம்' என்று பெயர். இப்படி நடப்பவற்றில் 10-ல் 9 முதல் 6 மாதத்துக்குள் நடக்கிறது. அதிலும் 1 முதல் 4 மாதம் வரைதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும்.

இதோடு மூச்சுத் திணறல், இடுக்கில் சிக்குவது, பெரியவர்கள் உடலுக்கு அடியில் மாட்டுவது எல்லாம் சேர்த்து, தூக்கம் தொடர்பான சிசு மரணங்கள் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,500.

என்னதான் நடக்கிறது? நாம் தூங்கும்போது போர்வை முகத்தை மூடினால் கை தானாகத் தள்ளிவிடும். அல்லது திரும்பிப் படுப்போம். இரண்டு மாதக் குழந்தைக்கு அந்தப் பலம் கிடையாது. மெத்தென்ற தலையணையில் முகம் புதைந்தால், தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். ஆக்சிஜன் குறையும். பெரும்பாலான குழந்தைகள் அந்த நேரத்தில் சட்டென விழித்து அழுதுவிடும். அப்படி விழிக்கும் திறன் சில குழந்தைகளுக்கு இன்னும் சரியாக வளர்ந்திருக்காது. எந்தக் குழந்தைக்கு அது குறைவு என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாக் குழந்தைக்கும் ஒரே எச்சரிக்கை.

"வேண்டாம்" என்பவர்கள் சொல்வது என்ன?

அமெரிக்க குழந்தை மருத்துவ அகாடமி 2022-ல் தன் வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. குறைந்தது முதல் 6 மாதத்துக்குப் பெற்றோர் இருக்கும் அறையிலேயே குழந்தை தூங்க வேண்டும், ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மேற்கத்திய டாக்டர்களே குழந்தையை வேறு ரூமில் போடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4 மாதத்துக்குள் இருக்கும் குழந்தை பெரியவர்களோடு ஒரே படுக்கையில் தூங்கினால் ஆபத்து 5 முதல் 10 மடங்கு கூடும் என்கிறது அந்த அமைப்பு. குடித்தவர், தூக்க மருந்து எடுத்தவர், அசதியில் அடித்துப் போட்டதுபோல் தூங்குபவர் பக்கத்தில் படுத்தால் 10 மடங்குக்கும் மேல்.

"படுக்கலாம்" என்பவர்கள் யார்?

இவர்களும் டாக்டர்கள்தான். 'அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின்' என்பது தாய்ப்பால் தொடர்பான மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு. மற்ற ஆபத்துகள் எதுவும் இல்லாத வீட்டில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தை அம்மாவோடு படுப்பதுதான் திடீர் மரணத்துக்குக் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்கிறது 2020-ல் வந்த இவர்களின் வழிகாட்டுதல். தடை போடாதீர்கள், பாதுகாப்பாகப் படுப்பது எப்படி என்று எல்லா அம்மாக்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்பது இவர்கள் வாதம்.

பிரிட்டன் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் 'நைஸ்' அமைப்பும் 2021-ல் கிட்டத்தட்ட இதே வழிக்கு வந்தது. எப்படியும் பல அம்மாக்கள் பால் கொடுத்தபடியே தூங்கிவிடுகிறார்கள். "கூடாது" என்று மட்டும் சொன்னால் நர்ஸிடம் மறைப்பார்கள், ஆபத்தான முறையிலேயே படுப்பார்கள். உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது என்பது இதன் பின்னால் இருக்கும் யோசனை.

நம் ஊருக்கு நெருக்கமான ஓர் ஆய்வும் உண்டு. பிரிட்டனின் பிராட்ஃபோர்டு நகரில் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்கள் அதிகம். குழந்தையைப் பெரியவர் படுக்கையில் போடுவதும், தலையணை வைப்பதும் வெள்ளைக்காரக் குடும்பங்களைவிட இவர்களிடம் அதிகம். அப்படியானால் திடீர் சிசு மரணமும் அதிகமாக இருக்க வேண்டுமே? இல்லை, குறைவாக இருந்தது. என்ன காரணம் என்று தேடிய ஆய்வு 2012-ல் வெளியானது. இந்த அம்மாக்கள் சிகரெட், மது பக்கம் போவது மிகக் குறைவு. தாய்ப்பால் அதிக நாள் கொடுக்கிறார்கள். குழந்தையைத் தனி அறையில் விடுவதே இல்லை. சோஃபாவில் குழந்தையோடு தூங்குவதும் குறைவு.

பாட்டி சொன்னதில் இருக்கும் உண்மை இதுதான். அந்தக் காலத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியது ஒரே பாயில் படுத்தது அல்ல. அந்தப் பாயில் என்னென்ன இல்லாமல் இருந்ததோ, அதுதான் காப்பாற்றியது.

அப்போ நம்ம வீட்ல என்ன மாறிடுச்சு?

பாய் போய் ஸ்பாஞ்ச் மெத்தை வந்துவிட்டது. சோஃபா வந்துவிட்டது. குழந்தையைச் சுற்றிக் குட்டித் தலையணைகள் வந்துவிட்டன. குடியும் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நான்கில் ஒருவர் மது குடிப்பவர். அதே ஆய்வில், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 55 சதவீதம்தான். குறைந்தது 2 மாதம் தாய்ப்பால் கொடுத்தாலே திடீர் சிசு மரண ஆபத்து சுமார் பாதியாகக் குறையும் என்கின்றன ஆய்வுகள்.

சிசேரியன் இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் வலிக்கான மருந்து அசத்தும். அந்த நாட்களில் பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கித் தனியாகப் படுக்க வைக்கக் கூட ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

எப்போ கண்டிப்பா சேர்ந்து படுக்கக் கூடாது?

* குழந்தை 37 வாரத்துக்கு முன்பே பிறந்திருந்தால், அல்லது பிறந்த எடை 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்தால்.
* பக்கத்தில் படுப்பவர் குடித்திருந்தால். "கொஞ்சம்தான்" என்பதெல்லாம் கணக்கில்லை.
* அம்மாவோ அப்பாவோ சிகரெட், பீடி பிடிப்பவராக இருந்தால். வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் இது பொருந்தும். கர்ப்பத்தின்போது அம்மா புகைபிடித்திருந்தாலும் பொருந்தும்.
* தூக்கம் வரவைக்கும் மருந்து எடுத்திருந்தால். தூக்க மாத்திரை மட்டும் இல்லை. சில சளி, அலர்ஜி மாத்திரைகளும் அசத்தும். மருந்து வாங்கும்போதே "இது தூக்கம் வருமா?" என்று கேளுங்க.
* இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு, எழுப்பினாலும் எழ முடியாத அளவுக்கு அசதியாக இருந்தால்.

வேலூர் மாவட்டத்தில் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். புகையிலைத் தூள் இருக்கும் முறத்தைக் குழந்தை படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். தவழும் குழந்தை எடுத்து வாயில் போட்டால் அது நஞ்சு. சுற்றி முடித்ததும் கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்க.

சோஃபா ஏன் ரொம்ப மோசம்?

ராத்திரி குழந்தை அழுகிறது. மற்றவர்கள் தூக்கம் கெடக் கூடாது என்று அம்மா ஹாலுக்கு வந்து சோஃபாவில் சாய்ந்து பால் கொடுக்கிறார். அல்லது அப்பா மார்பில் போட்டுக்கொண்டு டிவி பார்க்கிறார். கண் அசந்துவிடுகிறது. குழந்தை நழுவி, சோஃபாவின் சாய்மானத்துக்கும் உடலுக்கும் நடுவில் போய்விடும். அங்கே காற்று கிடையாது, திரும்ப இடம் கிடையாது.

சோஃபா, மெத்தென்ற நாற்காலியில் குழந்தையோடு தூங்கினால் ஆபத்து 67 மடங்கு வரை கூடும் என்கிறது அமெரிக்க அகாடமி. பால் கொடுக்கும்போது தூக்கம் வந்துவிடும் என்று தோன்றினால் சோஃபாவைவிடப் படுக்கையே மேல் என்று அவர்களே சொல்கிறார்கள். "ஒரே படுக்கை கூடாது" என்பதை மட்டும் கேட்டுவிட்டு சோஃபாவுக்குப் போவது, மழைக்குப் பயந்து ஆற்றில் இறங்கிய கதை.

பாயா, கட்டிலா, தூளியா?

பாய்: உண்மையில் இது நல்ல தேர்வு. கெட்டியாக, சமமாக இருக்கும். கீழே விழும் பயம் இல்லை. மேலே ஜமுக்காளத்தை மடித்து, சுருக்கம் இல்லாமல் விரித்தால் போதும். கொசுவலை கட்டினால் வலை குழந்தை முகத்தில் படாதபடி விரித்து, ஓரத்தைப் பாய்க்கு அடியில் சொருகிவிடுங்க.

கட்டில்: இரண்டு ஆபத்து. ஒன்று, விழுவது. இரண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. குழந்தை விழக் கூடாது என்று சுவர் ஓரம் போடுவார்கள். அந்த இடுக்கில்தான் சிக்கும். கட்டிலைவிட, மெத்தையைத் தரையில் போடுவது மேல். அமுக்கினால் கை புதையும் இலவம்பஞ்சு மெத்தை, ஸ்பாஞ்ச் மெத்தை வேண்டாம்.

தூளி: அழும் குழந்தையை அமர்த்த இதைப்போல வேறு எதுவும் இல்லை. ஆனால் சின்னக் குழந்தை தூளிக்குள் வளைந்து, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். அதனால் பெரியவர் பக்கத்தில் விழித்திருக்கும் வரை தூளி ஆடட்டும். தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் போட்டுவிடுங்க. விளையாடும் பிள்ளைகள் சேலை கழுத்தில் சுற்றி இறந்த செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. வேலை முடிந்ததும் தூளியை அவிழ்த்தோ, உயரத்தில் சுருட்டிக் கட்டியோ வைப்பது கட்டாயம்.

தலையணை: தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணை உட்பட எதுவும் முதல் வருஷம் வேண்டாம். சுற்றி அணை கட்டுவதும் வேண்டாம்.

மல்லாக்க படுத்தா பால் தொண்டையில அடைக்காதா?

பாட்டிகளின் பெரிய பயம் இது. நியாயமான பயம்தான், ஆனால் உடல் அமைப்பு வேறு மாதிரி இருக்கிறது. மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கும், உணவுக்குழாய் கீழே இருக்கும். கக்கிய பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். குப்புறப் படுத்தால் இது தலைகீழ். மூச்சுக்குழாய் கீழே வந்துவிடும்.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் தொடங்கியது. அதற்குப் பிறகு இரண்டு நாட்டிலும் திடீர் சிசு மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் எடுத்துவிட்டு, மல்லாக்கப் படுக்க வையுங்க. குழந்தையே இரண்டு பக்கமும் உருளப் பழகிய பிறகு, தானாகத் திரும்பினால் விட்டுவிடலாம்.

ஆஸ்பத்திரில நெஞ்சோட அணைச்சுக்கச் சொன்னாங்களே?

அது கங்காரு முறை. எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் ஒட்டி வைத்துக் கட்டுவது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. பிறந்த உடனே இதைத் தொடங்கியதில் எடை குறைந்த குழந்தைகளின் மரணம் 25 சதவீதம் குறைந்தது.

அப்படியானால் எடை குறைந்த குழந்தையோடு படுக்கக் கூடாது என்பது முரண்பாடு இல்லையா? இல்லை. கங்காரு முறையில் அம்மா சாய்ந்த நிலையில் இருப்பார். குழந்தை துணியால் சரியாகக் கட்டப்பட்டு, முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு திறந்திருக்கும். நர்ஸ் கண்காணிப்பார். வீட்டில் இருட்டில், போர்வைக்குள், பக்கத்தில் படுப்பது வேறு. வீட்டிலும் கங்காரு முறையைத் தொடரச் சொல்லியிருந்தால், ராத்திரி எப்படிச் செய்வது என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க.

கம்பெனி வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள்...

2017 முதல் பேறுகால விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு 4 மாதம்தான் ஆகியிருக்கும். காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், நாள் முழுக்க மிஷினில் உட்கார வேண்டும், ராத்திரி மூன்று முறை எழ வேண்டும். அசதி உச்சத்துக்குப் போகும் காலம் இது.

அசதியும் ஓர் ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லும்போது, அது அம்மாவின் தவறு என்று அர்த்தம் இல்லை. வீட்டில் மற்றவர்களுக்கு வேலை இருக்கிறது என்றுதான் அர்த்தம். பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கி, ஏப்பம் எடுத்து, அதன் இடத்தில் படுக்க வைப்பதை அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம். அப்பா குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு அவர் படுக்கை வேறு இடத்தில். இதைச் சண்டை நடக்கும் ராத்திரியில் பேச முடியாது. பகலில், நிதானமாக இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

தனித் தொட்டில் வாங்க முடியாதவங்க என்ன பண்றது?

தனிப் படுக்கை என்றால் ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தொட்டில் வாங்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், குழந்தைக்கு ஒரு சின்னப் பாய். அவ்வளவுதான். அழுதால் கை நீட்டலாம், பால் கொடுக்கலாம், திரும்ப வைக்கலாம். "வேண்டாம்" என்பவர்களும் "படுக்கலாம்" என்பவர்களும் மறுப்பு சொல்லாத ஏற்பாடு இது. ஒற்றை அறை வீட்டிலும் இது முடியும்.

அதற்கும் இடம் இல்லை, சேர்ந்துதான் படுக்க வேண்டும் என்றால், மேலே சொன்ன ஐந்து ஆபத்தும் இல்லை என்பதை உறுதி செய்துவிட்டு, இதைப் பாருங்க:

1. படுக்கும் வரிசையை மாற்றுங்க. குழந்தை ஓரத்தில், அடுத்து அம்மா, அதற்குப் பிறகுதான் மூத்த பிள்ளையும் மற்றவர்களும். குழந்தை நடுவில் வேண்டாம்.
2. சுவரை ஒட்டிப் போடாதீங்க.
3. குழந்தை மல்லாக்க. அம்மா அதைப் பார்த்து ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைக் குழந்தையின் தலைக்கு மேலே வைத்துப் படுங்க. பால் கொடுக்கும் பல அம்மாக்கள் யாரும் சொல்லாமலே இப்படித்தான் படுக்கிறார்கள். இந்த நிலையில் அவர் குழந்தை மேல் உருள்வது கடினம்.
4. அம்மாவின் தலையணையும் போர்வையும் குழந்தை முகத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.
5. முடியை முடிந்துகொள்ளுங்க. தாலிக்கயிறு, செயின், துப்பட்டா, நைட்டி நாடா குழந்தை கழுத்தில் சுற்றாதபடி பாருங்க.
6. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வீட்டுக்குள் குல்லா, ஸ்வெட்டர், இறுக்கச் சுற்றிய துணி வேண்டாம். நெஞ்சைத் தொட்டுப் பாருங்க, வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்க.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

குழந்தையின் உதடு நீலமானால், மூச்சு விட்டு விட்டு வந்தால், எழுப்பியும் துவண்டு கிடந்தால், பால் குடிக்காமல் சுருண்டிருந்தால், காலை வரை காத்திருக்க வேண்டாம். 108-க்குப் போன் பண்ணுங்க.

வீட்டுக்கு வரும் செவிலியரோ டாக்டரோ "குழந்தை எங்கே தூங்குது?" என்று கேட்டால், திட்டுவார்கள் என்று பயந்து மறைக்க வேண்டாம். எந்த இடம், பக்கத்தில் யார், என்ன மெத்தை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அதைத் தெரிந்துகொண்டால்தான் உங்க வீட்டுக்கு ஏற்ற வழியை அவர்களால் சொல்ல முடியும்.